லைட் போஸ்ட் மாதிரி

ஆங்கிலப் பேச்சைக்கூட யாசீன் சூரா ஓதுகிற ராகத்தில் மனப்பாடம் செய்யலாம் என்று கண்டுபிடித்தவள் எனக்கு மூத்தவளான என் ராத்தா. அதற்கு முந்திய வருஷம் புத்தளத்தில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் மைக்கின் முன்னால் ஊமையாக நின்று, அழுதுகொண்டே இறங்கி வந்தவள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘கட் ஆன ரேடியோ’ என்று பட்டம். இந்த முறை என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டம் எனக்கும் வந்துவிடுமோ என்று சோறு இறங்கவில்லை.

“யாசீன் எப்பசரி ஒனக்கு மறந்திருக்கா? அதே மாதிரி ஓதிப் படி புள்ள” என்றாள்.

படித்தேன். மத்ரஸாவில் குர்ஆன் ஓதும்போது ஆடுவது போலவே முன்னும் பின்னும் ஆடி ஆடிப் படித்தேன். மரங்களைப் பற்றிய பேச்சு அது. ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் ஆடத் தொடங்கினால் திறந்துவிட்ட பைப்தான்.

ஆங்கிலம் படிப்பிக்கும் எங்கள் சேருக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அவரும் எங்கள் ஊர் கனமூலைக்காரர், அதே மத்ரஸாவில் ஓதியவர். “மேடையில ஆடப்படாது மகள். லைட் போஸ்ட் மாதிரி நிக்கோணும்.”

யுத்தம் முடிந்து, பஸ்ஸை மறித்து இறக்கிச் சோதிக்கிற தொல்லையும் ஓய்ந்திருந்த காலம். சேர், ராத்தா, நான் மூவரும் புத்தளம் போய் இறங்கினோம். மேடையில் லைட் போஸ்ட் மாதிரியே நின்றேன். லைட் போஸ்ட் பேசுமா? நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ராத்தாவின் முகம் போன வருஷத்து முகமாக மாறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள், இருந்த கதிரையிலேயே, முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். அதைப் பார்த்து என் உடம்பும் ஆடியது. பேச்சு வந்தது. ஒரு மரம் மிச்சமில்லாமல், ராகத்தோடு வந்தது. முடிந்ததும், கையேந்தித் துஆ கேட்டு முடித்தவள் போல என் கைகள் தாமாகவே முகத்தைத் தடவிக்கொண்டன.

மூன்றாம் இடம்! நடுவராக வந்திருந்த சிங்கள மிஸ் இறங்கி வந்து என் கன்னத்தைத் தட்டினார். “மரம் மாதிரி ஆடி ஆடிச் சொன்னது மிச்சம் நல்லம்.” நான் நடித்தேன் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. பிறகு அவர் சேரின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டார்.

சேர் லைட் போஸ்ட் மாதிரி நின்றார். கழுத்தில் வேர்வை இறங்கியது. பிறகு, மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார்.

என்னைத்தான் நக்கலடிக்கிறார்! திரும்பும் பஸ்ஸில் அவர் வாங்கித் தந்த றோல்ஸைத் தொடாமல் ராத்தாவின் கையில் திணித்தேன். அவள் அதை முன் சீட்டிலிருந்த சேரிடம் நீட்டினாள்.

“தின்னுங்க சேர். ஆடினாப் பசிக்கும்.”

சேர் திடுக்கிட்டுத் திரும்பினார். “கண்டுட்டீங்களா மகள்?”

“ஓம் சேர். போன வருஷம் நானும் ஆடியிருக்கோணும்.”

பாலாவி வரும்வரை இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரிசு வாங்கியவள் நான். எனக்கு மட்டும் அந்தப் பகிடி பிடிபடவேயில்லை.