கதையில் செத்த ஏட்டின் மனைவி

என் கணவர் போலீஸில் ஏட்டு. நாங்கள் தென்காசியில் போலீஸ் குடியிருப்பில் இருந்தபோது நடந்தது இது. நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். இப்போதும் அதே கடைதான்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவியில் ஒரு தொடர் ஓடியது. லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்களை, வாரத்துக்கு ஒருவராக, முகமூடி போட்ட ஒருவன் தேடிப் பிடித்துக் கொல்வான். குடியிருப்பில் எங்கள் வீட்டு டிவிதான் பெரியது. பக்கத்து வீட்டு மதினிகளும், டூட்டி இல்லாத அவர்கள் கணவன்மாரும் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போலீஸ்காரன் சாகிற கதையைப் போலீஸ்காரர்களே அவ்வளவு ரசித்தார்கள். திரையில் இருப்பவன் தான் அல்ல, தனக்குத் தெரிந்த இன்னொருவன் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. கணவருக்கு அருவிப் பக்கம் பந்தோபஸ்து. சாயங்காலம் வரும்போது பைக்கில் ஒரு பை தொங்கும். மங்குஸ்தான், ரம்புட்டான், சில நாள் பலாப்பழம். தென்காசிக்கு வந்த முதல் வருஷம், "யாரு குடுத்தா?" என்று கேட்டேன். "கடைக்காரி ஆசையாக் குடுக்கா. வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. உரித்துத் தின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையில் செத்தவர் ஒரு ஏட்டு. அவருடைய மனைவி இரண்டு காட்சியில் வந்தாள். முதல் காட்சியில், யாரோ சும்மா கொடுத்தனுப்பிய மீனைப் பொரித்துப் பரிமாறினாள். அடுத்ததில் பிணத்தின் மேல் விழுந்து அழுதாள். "நல்லா வேணும்லே அவனுக்கு!" என்று என் கணவர் தொடையில் தட்டினார். மங்குஸ்தான் தோலின் கறை அவர் விரலெல்லாம் இருந்தது.

எனக்கு அந்தப் பெண்ணை விட்டுக் கண் நகரவில்லை. கதை எழுதியவர் அவளுக்கு ஒரு பேச்சுகூடக் கொடுக்கவில்லை. மீன் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. அவள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

எல்லாரும் போனதும் சொன்னேன். "இனிமே ஓசிப் பழம் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"ஏட்டி, டிவியப் பாத்துட்டுப் பேசுதியா?" என்று சிரித்தார்.

"ஆமா. அதப் பாத்துட்டுத்தான் பேசுதேன்."

"நான் என்ன லட்சக்கணக்குலயா வாங்குதேன்? நாலு பழம்."

"அந்த நாலு பழத்த வேண்டாம்னு சொல்ல ஒங்களுக்கு முடியல. தரமாட்டேன்னு சொல்ல அந்தக் கடைக்காரிக்கு முடியுமா?"

 மறுநாள் சாயங்காலம் அவர் வேண்டுமென்றே இன்னும் பெரிய பையாகக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். நான் தொடவில்லை. அடுத்த நாள் எனக்குக் கடையில் லீவு. பையைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கடையை ஒரு தடவை அவரே காட்டியிருக்கிறார். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு பழம் அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னைவிடச் சின்னவள். ஏட்டு வீட்டுக்காரி என்று சொன்னதுமே எழுந்துவிட்டாள்.

"பழம் சரியில்லையாக்கா? வேற தாரேன்" என்று நல்லதாகப் பொறுக்க ஆரம்பித்தாள். நான் இன்னும் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

"வேண்டாம்மா. இதத் திருப்பித் தரத்தான் வந்தேன்."

அவள் முகம் செத்துப்போனது. "வேண்டாங்கா. ஐயா என்னியத்தான் வைவாக. நாளைக்குக் கடைய இங்கன போட விடமாட்டாக."

இதை நான் யோசித்திருக்கவில்லை. பையை வைத்துவிட்டு நான் போய்விடலாம். நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் அவள். வந்தது வந்தாயிற்று, பாதியில் விட முடியாது. கொஞ்ச தூரத்தில் தடுப்புக் கம்பிப் பக்கம் விசிலோடு நின்ற என் கணவரைக் கை காட்டி அழைத்தேன்.

வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்கன எதுக்கு வந்த?" என்றார்.

"வாங்குன பழத்துக்கு ரூவா குடுக்கணும். நீங்களே குடுங்க."

"வீட்டுக்குப் போ. அங்கன பேசிக்கிடலாம்."

"குடுத்துட்டுப் பேசலாம். இவ கடை நாளைக்கும் இங்கனதான் இருக்கும்னு என் முன்னாலயே சொல்லுங்க."

குளிக்கப் போகிறவர்கள் தோளில் துண்டோடு நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் பர்ஸை எடுத்து ஒரு நோட்டைப் பழத்தின் மேல் போட்டார். "இருக்கும்" என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் தடுப்புக் கம்பி வரை போய்ச் சேரும்வரை அவள் அந்த நோட்டைத் தொடவில்லை. ஒரு காகிதப் பையில் என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். காசு கொடுத்தாயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சீசன் முடிந்த பிறகும் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு கேட்பார், சட்டை கேட்பார், அவ்வளவுதான். சீசன் முடியும்வரை லீவு நாளெல்லாம் நான் குற்றாலம் போய்க் கடை இருக்கிறதா என்று பார்த்துவந்தேன். இருந்தது. குடியிருப்புக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வருவது நின்றுபோனது. ஒரு மதினி மட்டும் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். "கட்டுன புருசன நீயே சந்தி சிரிக்க வச்சிட்டியே. அந்த முகமூடிக்காரன் மாதிரி நீயும் கெளம்பிட்டியோ?"

"நான் யாரையும் கொல்லலையே மதினி. பழம் வேண்டாம்னேன்."

அந்த முகமூடிக்காரன் வாரத்துக்கு ஒருவரைக் கொன்றும் அடுத்த வாரத்துக்கு ஆள் மிச்சம் இருந்துகொண்டேதான் இருந்தது. அவனால் எனக்கு என்ன பிரயோஜனம்? என் வீட்டு வாசலில் நான்தான் நிற்க வேண்டும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவர் பைக்கில் வந்தார். லாரி வைத்திருக்கும் ஒரு முதலாளி அனுப்பினாராம். ஸ்வீட் பெட்டியும் பட்டாசுக் கட்டும். "அண்ணாச்சி இல்லையா?" என்று கேட்டார். கணவர் உள்ளே யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும்.

"இருக்காக. இது வேண்டாம், கொண்டு போங்க" என்றேன்.

"வருசா வருசம் குடுக்கதுதானக்கா."

"இனிமே இல்ல. ஒங்க முதலாளிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க."

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். கணவர் வெளியே வந்து என்னை அதட்டுவார் என்று நானும் காத்திருந்தேன். வந்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன். அவர் வரவில்லை. வந்தவர் பெட்டிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போனேன். கணவர் நிமிர்ந்து பார்க்காமல், "காப்பி போடுதியா?" என்றார். பல மாதம் கழித்து அவர் சாதாரணக் குரலில் கேட்டது அதுதான். போட்டுக் கொடுத்தேன்.