காகத்துக்குப் போன பாதி

மங்கையற்கரசி வாழ்க்கையில் அதிகம் பேசிய சொல் எது என்று அவளுடைய புருஷன் மகேஸ்வரனைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவான்: “உஷ்.”

கலியாணமான புதிதில் அவள் அப்படியில்லை. அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி, கிளாலிக் கடலை இருட்டில் வள்ளமேறிக் கடந்தபோதுதான், மடியில் கிடந்த நாலு வயசு சிவானியின் வாயைப் பொத்தி முதலாவது உஷ் சொன்னாள். பிறகு லொறியில், கொழும்பு லொட்ஜில், விமானத்தில் என்று அது வளர்ந்துகொண்டே போனது. ரொறன்ரோ வந்து சேர்ந்த பிறகாவது நின்றதா என்றால், அதுதான் இல்லை. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார், உஷ். பஸ்ஸில் ஆட்கள் பார்க்கினம், உஷ்.

சிவானி தாய்ச்சொல் தட்டாத பிள்ளை. வீட்டுக்குள் கிசுகிசுப்பாள், வெளியே வாயே திறக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு வருசமாகியும் ஒரு சொல் வரவில்லை. கோடை விடுமுறைக்குள் பிள்ளை பேசாவிட்டால், பேச்சு வராத பிள்ளைகளின் வகுப்புக்கு மாற்றவேண்டி வரும் என்று ரீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மங்கை அழுது மூக்கைச் சிந்தி, பிள்ளை வாய் திறந்தால் சிதறு தேங்காய் உடைப்பதாக ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நேர்ந்தாள். நேர்ந்துவிட்டுத் திரும்பும்போது பிள்ளை தும்மியது. “உஷ்” என்றாள்.

இந்த லட்சணத்தில்தான் அவள் சமையலும் துப்புரவும் பார்த்த பாதர்ஸ்ட் தெரு வீட்டுக்குப் பஸ்கா பண்டிகை வந்தது. 1995 ஏப்ரல். வீட்டுக்காரர் யூதர்கள். புருஷன் சோல் ஒரு பல் டொக்டர், பெண்சாதி ஷெல்லி, பிள்ளைகள் பத்து வயசு நெயோமியும் ஏழு வயசு ஆரியும். பண்டிகைக்கு முன் வீட்டில் புளித்த மாவில் செய்த பாண், பிஸ்கற் துகள் ஒன்றுகூட இருக்கக்கூடாதாம். சோபா இடுக்கில் பிஸ்கற் துகள் தேடி மங்கை குப்புறக் கிடந்த கிடையைப் பார்த்திருந்தால், சுத்தபத்தத்துக்குப் பேர்போன அவளுடைய மாமியாரே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

விருந்து நாளன்று பார்த்து, சிவானியைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்ரினா அன்ரிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். ஷெல்லிக்கோ வலு சந்தோசம். சிவானியை ஆரிக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருத்திவிட்டாள். ஆரி தன் பற்கள் விழுந்த ஓட்டையைக் காட்டி அவளைச் சிரிக்கவைத்தான். சத்தமில்லாத சிரிப்புத்தான்.

முன்னோர் எகிப்தில் அடிமையாக இருந்து விடுபட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் அந்த இரவுச் சாப்பாட்டின் நோக்கம். பிள்ளைகள் கேள்வி கேட்கவேண்டும், பெரியவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். சோல் ஒரு சுற்றுக் கேட்டார், விடுதலை என்றால் என்ன என்று.

“என் அறைக்குப் பூட்டு” என்றாள் நெயோமி.

“வீட்டுப்பாடமே இல்லாமல் இருப்பது” என்றான் ஆரி.

சிவானியின் முறை வந்தது. வெறும் சூப் கோப்பைகளை அடுக்க வந்த மங்கை முந்திக்கொண்டு, “ஷீ இஸ் ஷை” என்றாள். சோல் அவசரமில்லை என்று கையைக் காட்டினார்.

பிறகு அவர் மட்ஸாவை எடுத்தார். புளிக்காத மாவில் சுட்டது, பெரிய அப்பளம் மாதிரி இருக்கும். அதை இரண்டாக முறித்துப் பெரிய பாதியை வெள்ளைத் துணியில் சுற்றி, ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்தார். சாப்பிடமுன் ஒரு பங்கு தனியாக! மங்கைக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. சனி விரதம் தவறாதவளுக்கு இதை விளங்கப்படுத்தவும் வேண்டுமா? காகத்துக்கு வைக்காமல் எந்த வீட்டிலாவது வாயில் சோறு வைப்பார்களா? பாவம், மனுஷன் கதை சொல்லுகிற அவசரத்தில் வெளியே வைக்க மறந்துபோனார்.

அவள் பொட்டலத்தைப் பக்குவமாக எடுத்துப்போய், வெளிச்சம் மங்கமுன் பின்கதவுக்கு வெளியே திண்ணைபோல இருந்த மரத்தட்டின் விளிம்பில் மட்ஸாவை வைத்து, “கா, கா” என்று மெல்லக் கூப்பிட்டாள். துணியை அழகாக மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். பின்னால் வந்து நின்ற சிவானி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்தது. சோல் ஜன்னல் பக்கம் திரும்பி, “சரி, கள்வர் யார்?” என்றார்.

மேசை துடைக்க வந்த மங்கைக்கு ஷெல்லி விளக்கினாள். அந்தப் பாதியைப் பிள்ளைகள் களவெடுத்து ஒளித்துவைப்பார்களாம். பரிசு தருவதாகச் சொன்னால்தான் திருப்பித் தருவார்களாம். அதில் எல்லோரும் ஒரு துண்டு தின்னாமல் விருந்தை முடிக்க முடியாதாம்.

“ஆரியிடம் இருக்கு” என்றாள் நெயோமி.

“அக்காதான் எடுத்தாள்!”

“பொய்! நீ தின்றுவிட்டாய். நான் வைத்திருந்த பாதி சொக்லேற்றையும் நீதானே தின்றாய்!”

ஷெல்லி மேசைக்குக் கீழே தேடினாள், சோல் மெத்தைகளைப் புரட்டினார், ஆரி காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டி ஓவென்று அழத் தொடங்கினான். மங்கை துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், அதற்குள் சாமிப் படையலைக் கொண்டுபோய்க் காகத்துக்குப் போட்டவள் என்று பெயரெடுக்கப்போகிறாள். சிவானி தன்னையே பார்ப்பது தெரிந்தது. விரல் தானாக உதட்டுக்குப் போனது.

“உஷ்.”

சிவானி அம்மாவைப் பார்த்தாள். மூக்கொழுக அழுகிற ஆரியைப் பார்த்தாள். கதிரையில் ஏறி நின்றாள்.

“மை மதர் ரூக் இற்!” வீடே அதிர்ந்தது. “ஆரி நொற் ரூக்! மை மதர் கேவ் இற் ரு த குரோ!”

ஆரி எடுக்கவில்லை, அம்மாதான் எடுத்துக் காகத்துக்குக் கொடுத்தாள்: இரண்டு வருசமாகச் சேர்த்துவைத்த சத்தம் முழுவதும் அதில் இருந்தது. அடுத்த நிமிசம் எல்லோரும் காலுறையோடு பின்பக்கம் ஓடினார்கள். காகத்தைக் காணோம். கொழுத்த கறுப்பு அணில் ஒன்று கடைசித் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்தபடி, என்ன விசேஷம் என்பதுபோல் இவர்களைப் பார்த்தது.

சோல் மரத்தட்டிலேயே குந்திவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடி கழன்றது. “எங்கள் வீட்டில் இது எப்போதும் பேராசையால்தான் காணாமல்போகும், பக்தியால் போனது இதுதான் முதல்தரம்!” என்றார். வேறு மட்ஸா இருக்கிறது, அது போதும் என்றார். மங்கைக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மகள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குச் சந்தோசம் பொங்கியது. ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.

மேசைக்குத் திரும்பியதும் சோல், “துப்புச் சொன்னவளுக்குத்தான் பரிசு. என்ன வேண்டும்?” என்று சிவானியிடம் கேட்டார். நெயோமி பொம்மை வீடு கேள் என்றாள், ஆரி சைக்கிள் கேள் என்றான்.

“ஒரு கேள்வி கேட்கவேணும்” என்றாள் சிவானி ஆங்கிலத்தில்.

“தாராளமாக. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அவர் பதில் சொல்லவேண்டும்.”

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். “அம்மா, ஏன் எப்பவும் உஷ் எண்டுறனீங்கள்?”

“என்ன கேட்டாள், என்ன கேட்டாள்?” என்று ஆரி குதித்தான். சிவானி அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோருடைய கண்ணும் மங்கையின் மேல். அவள் சூப் கொதிக்குது என்று குசினிப் பக்கம் நழுவப் பார்த்தாள். சூப் குடித்து முடித்தாயிற்று என்று சோல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

மங்கை ஏப்ரனோடு உட்கார்ந்தாள். இத்தனை நாளாக மகேஸ்வரனிடம்கூட முழுதாகச் சொல்லாத கதை, ஆங்கிலத்திலா வரப்போகிறது?

“ஒரு இருட்டு, பிள்ளை” என்று மெல்லத் தொடங்கினாள். “கடல். வள்ளத்துக்கை நாங்கள் கனபேர். நேவிக்காரன் எந்தப் பக்கத்தாலை வருவான் எண்டு தெரியாது. நீ அழுதாய் எண்டால் எல்லாரும்…”

“இற் வோஸ் டார்க்!” என்று சிவானி மேசை முழுவதற்கும் அறிவித்தாள். “ஆன்ட் த சீ! ஆன்ட் ஐ வோஸ் இன் த போற்!”

பிறகு அம்மாவின் தோளைப் பிடித்து உலுப்பினாள்.

“சத்தமாச் சொல்லுங்கோ அம்மா, ஒருத்தருக்கும் கேக்கேல்லை.”

மங்கை தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்.