சிவப்பு அரளி வந்த காலை

என் மனைவி செல்லாயிக்குக் காய்ச்சல் கண்டு அன்று ஐந்தாம் நாள். ஐப்பசி அடைமழை. அறுக்க வேண்டிய சாமை காட்டிலேயே சாய்ந்து கிடந்தது. குளிர் வந்தால் அவள் உடம்போடு கயிற்றுக் கட்டிலும் சேர்ந்து ஆடும். பிறகு கொதிக்கும். பிறகு பேச்சு மூச்சில்லாமல் கிடப்பாள். எங்கள் ஆறு மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டில் அந்தக் காய்ச்சலுக்கு ஆளைப் பறிகொடுக்காத வீடு கிடையாது. நான் பயந்துபோனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று. அதைச் சொல்லத்தான் விசுவாசிகளாகிய உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் ஞானஸ்நானம் பெற்று அப்போது இரண்டு வருஷம். முதன்முதலாக ஜெபக்கூட்டத்தில் முழங்கால் போட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீர் தாரையாகக் கொட்டியது. அந்தச் சிலிர்ப்புதான் கர்த்தர் என்று எண்ணிக்கொண்டேன். போகிற இடமெல்லாம் அதையே பேசினேன். உபதேசியார் புண்ணியத்தில் எழுத்துப் படித்து, பொழுது சாய்ந்தால் வேதம் வாசிப்பேன். செல்லாயிக்கு எழுத்துத் தெரியாது. உலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். வாசித்தது நான், நம்பியது அவள். நான் நம்பியது என் சிலிர்ப்பைத்தான்.

அந்த ஐந்து நாளும் எனக்குச் சிலிர்க்கவில்லை. ஜெபித்தால் வாய்தான் அசைந்தது. நெஞ்சு அணைந்துபோன அடுப்பு மாதிரி இருந்தது. கர்த்தர் என்னை விட்டுப் போய்விட்டார் என்றே முடிவு கட்டினேன்.

அதனால் பூ கேட்டேன். பெண் எடுப்பதானாலும் காடு திருத்துவதானாலும் எங்கள் மலையில் சாமியிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து வைத்து ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிவப்பு வந்தால் இல்லை. நான் இரண்டு அரளிப் பூக்களை மடித்து வேதப்புத்தகத்தின் மேலேயே வைத்தேன். அவள் பிழைப்பாளா என்று இயேசுவின் நாமத்தில் கேட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் மூங்கில் கழியோடும் மூன்று ஆட்களோடும் வந்து நின்றார். நான் கிறிஸ்தவனான நாளிலிருந்து என்னோடு பேசாதவர். செல்லாயிக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார்.

"மழ விட்டிருக்குது. இப்பப் பொறப்பட்டா பொழுதுக்குள்ள அடிவாரத்துக் காரவள்ளிக்கு எறங்கிப்போடலாம். கழியில தூளியக் கட்டு, அவளத் தூக்கிட்டுப் போலாம்" என்றார்.

"வேண்டாங்கண்ணா. அவளுக்கு ஆயுசு இல்லீங்க" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

"சாமிய மாத்துன. பழக்கத்த மாத்தலியே தம்பி" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து செல்லாயி பேசினாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.

"ஏனுங்க, விட்டுப் போக மாட்டேன்னு கர்த்தரு சொன்னதா நீங்கதான படிச்சீங்க?"

"ஆமா."

"பூவுல சொல்றேன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

எங்கும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப அந்தப் பூவக் கீழ போட்டுட்டுத் தூக்குங்க. நான் பொழச்சாலும் சரி, போனாலும் சரி, அவரு சொன்னது சொன்னதுதானுங்க."

சாகக் கிடக்கிறவள் சொல்கிறாள். நான் குன்றிப்போனேன். பூவை வாசலில் எறிந்துவிட்டுத் தூளி கட்டினேன். வழியெல்லாம் வழுக்கல், காலெல்லாம் அட்டைக்கடி. கழியின் முன்னால் அண்ணன், பின்னால் நான், மற்ற மூவரும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். இறங்க இறங்க, விட்டுப் போக மாட்டேன் என்ற அந்த ஒரு வாக்கையே சொல்லி ஜெபித்தேன். அப்போதும் சிலிர்க்கவில்லை. சொன்னவர் பொய் சொல்லமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அது போதுமாயிருந்தது.

காரவள்ளியில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தோம். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் செல்லாயி கஞ்சி கேட்டாள். நான் ஜெபத்தில் கேட்டது கிடைத்தது என்று அங்கேயே முழங்கால் போட்டு அழுதேன். அந்த நன்றி இன்றுவரை குறையவில்லை.

இதோடு முடித்தால் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அது முழுச் சாட்சியாகாது.

மறுவருஷம் எங்கள் ஒன்றரை வயதுப் பெண்ணுக்கு அதே காய்ச்சல். அதே தூளி, அதே வழி, அதே ஜெபம். பாதி மலை இறங்குமுன் குழந்தை போய்விட்டாள். செல்லாயி அவளைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறக்க விடவில்லை. குழந்தை ஏன் போனாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன்.

அடக்கம் முடிந்து வீடு வந்தோம். அண்ணனும் வந்து உட்கார்ந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

"போன வருசம் அவ சொன்னாளே, அந்த எடத்தப் படி தம்பி. இப்பவும் அப்படியேதான் இருக்குதான்னு பாக்கலாம்."

வேதத்தைத் திறந்தேன். கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். செல்லாயி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்படியேதான் இருக்குது" என்றார் அண்ணன்.

என் மனைவி பிழைத்ததைக் கேட்டு நீங்கள் நம்ப வேண்டாம். அப்படி நம்பினால் என் மகள் போனதைக் கேட்டதும் விட்டுவிடுவீர்கள். உங்கள் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. நல்ல நாளிலும் திறந்து பாருங்கள், கெட்ட நாளிலும் திறந்து பாருங்கள். இருந்தபடியே இருக்கும்.