திறந்து பார்க்காத பேக்கப்

கறுப்புத் திரை

அந்த வியாழக்கிழமை காலை, புது வெர்ஷன் ஏற்றிய ஒன்பதாவது பென்டிரைவை ஆபீஸின் பழைய லேப்டாப்பில் செருகி ஆன் செய்தேன். சின்னம் வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தேன். மறுபடியும் கறுப்பு.

அது செல்வியின் பென்டிரைவ். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அவள் வழக்கின் விசாரணைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு சிறிய பெண்கள் சட்ட உதவி மையத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். இது போன்ற இடங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நெயில் பாலிஷ் புள்ளி

எங்களிடம் வருகிற பல பெண்களின் போனை வீட்டில் யாராவது தினமும் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பென்டிரைவ் கொடுப்போம். அதற்குள்ளேயே முழு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருக்கும். எங்கள் லேப்டாப்பில் செருகி, அதிலிருந்தே பூட் செய்து வேலை பார்த்துவிட்டு எடுத்துவிட்டால் லேப்டாப்பில் ஒரு தடமும் மிஞ்சாது. அவரவர் ஃபைல்கள் அதே பென்டிரைவில் ஒரு பூட்டிய பகுதியில் இருக்கும். பாஸ்வேர்டு அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்களாலும் திறக்க முடியாது.

பென்டிரைவ்களை எங்கள் இரும்பு அலமாரியில் வைப்போம். மேலே பெயர் எழுதக் கூடாது என்பது விதி. அவரவருக்குப் பிடித்த நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துக்கொள்வார்கள். செல்வியுடையது பச்சை.

செல்வி வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை. கணவன் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமான வேலைக்குப் போகிறவன். மதியச் சாப்பாடு முடிந்து சாயங்கால டிபன் தொடங்குவதற்குள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவள் எங்களிடம் வருவாள். ஒற்றை விரலால் டைரி தட்டுவாள். அவன் மிரட்டி அனுப்பிய பதினான்கு வாய்ஸ் மெசேஜ்களையும் நான்தான் அவள் போனிலிருந்து அந்தப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அவன் போனைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டான். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

"போகட்டும்க்கா. அவன் பேச்சுத்தான் உன் அலமாரில பத்திரமா இருக்கே."

அவசரம் யாருக்கு

அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் புது மேஜர் வெர்ஷன் வந்தது. பழைய வெர்ஷனுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது. பழையதிலிருந்து இதற்குத் தானாக மாறாது; புதியதை ஆபீஸின் பழைய லேப்டாப்பில் டவுன்லோடு செய்து, அதிலிருந்து பென்டிரைவ்களை ஒவ்வொன்றாகக் கையால் அப்கிரேடு செய்ய வேண்டும். மையத்தை நடத்தும் வக்கீல் மேடத்திடம் சொன்னேன். அவர் மலையாளி, என்னிடம் பாதித் தமிழில் பேசுவார்.

"செல்வியோட ஹியரிங் கழிஞ்ஞிட்டு செய்தா போதாதா மோளே?"

"பழசுல ஏதாவது ஓட்டை இருந்து அவங்க விவரம் வெளியே போயிட்டா என்ன செய்றது மேடம்?"

"உனக்கு எல்லாத்துலயும் பேடிதான். சரி, ஆவட்டே."

பேடி என்றால் பயம். அவர் சொன்னது சரிதான். என் குழந்தைக்கு ஒன்றரை வயது. வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிறவள் நான். அந்தப் பயத்தைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக்

முதலில் பேக்கப், அதாவது ஃபைல்களை அதே போலப் பூட்டிய இன்னொரு பென்டிரைவுக்கு நகல் எடுப்பது. பூட்டிய பகுதியைத் திறக்க உரியவர் நேரில் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். ஒன்பது பேருக்கும் ஒரு பட்டியல் போட்டேன்: பேக்கப் முடிந்தால் ஒரு டிக், அப்கிரேடு முடிந்தால் ஒரு டிக்.

செல்வி திங்கட்கிழமை மூன்று மணிக்கு வந்து பாஸ்வேர்டு போட்டாள். காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது டே கேரிலிருந்து போன்.

"சேச்சி, குஞ்ஞினு நல்ல சூடுண்டு. வேகம் வரணே."

குழந்தைக்கு நல்ல காய்ச்சலாம், சீக்கிரம் வரச் சொன்னார்கள். திரையில் காப்பியின் அளவைக் காட்டும் பட்டை ஏறக்குறைய முடிவில் இருந்தது. "இது முடிஞ்சதும் ஷட் டவுன் பண்ணிட்டு, ரெண்டையும் மேடம்ட்ட குடுத்துடு செல்வி" என்றேன்.

"நீ போக்கா, பிள்ளையப் பாரு. நான் பாத்துக்கிடுதேன்."

பையை எடுத்தேன். நாளைக்கு மறந்துவிடுவேனோ என்ற கவலையில் பட்டியலில் டிக் போட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது பேக்கப் அலமாரியில் இருந்தது, டிக் பட்டியலில் இருந்தது. திறந்து பார்க்க வேண்டுமானால் செல்வியை மறுபடி வரச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் அவள் வீட்டில் ஒரு பொய் சொல்லியாக வேண்டும். எதற்கு வீண் தொந்தரவு என்று விட்டுவிட்டேன். எதையும் சந்தேகப்படுகிற நான் என் கையால் போட்ட டிக்கைச் சந்தேகப்படவில்லை.

ரீஇன்ஸ்டால்

மற்ற எட்டையும் முந்தின வாரமே அப்கிரேடு செய்து மேடத்தின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருந்தேன். எல்லாம் சரியாக வந்தன. வியாழக்கிழமை மேடம் லேப்டாப்பைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அதனால் செல்வியுடையதை மட்டும் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். திரை கறுத்தது.

அப்கிரேடு பாதியில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். மேடம் இரண்டு மணிக்கு வந்துவிடுவார், காத்திருந்திருக்கலாம். பேக்கப்தான் இருக்கிறதே, சுத்தமாக மறுபடி ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. ரீஇன்ஸ்டால் அழுத்தினேன். எல்லாத் தகவலும் அழியும் என்று எச்சரிக்கை வந்தது. மூன்று தடவை படித்தேன். பட்டியலைப் பார்த்தேன். டிக் இருந்தது. சம்மதம் கொடுத்தேன்.

ஏற்றி முடித்து ஆன் செய்தேன். அதே கறுப்பு.

மேடம் வந்ததும் அவருடைய லேப்டாப்பில் செருகினேன். உடனே பூட் ஆனது. அந்தப் பழைய லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் புது வெர்ஷனுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். பச்சைப் புள்ளி பென்டிரைவில் ஒரு குறையும் இருந்ததில்லை.

"பேக்கப் உண்டுதானே?" என்று மேடம் கேட்டார்.

"உண்டு மேடம்."

"ஓப்பன் ஆக்கி நோக்கினியா?"

நான் பட்டியலை எடுத்து அந்த டிக்கைக் காட்டினேன்.

மனப்பாடம்

செல்வி மறுநாள் வந்து பேக்கப்பைத் திறந்தாள். டைரி இருந்தது. வாய்ஸ் மெசேஜ் ஃபோல்டரும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை நான் போன பிறகு பட்டை நெடுநேரம் நகரவே இல்லையாம். டிபன் வேலைக்கு நேரமாகிவிட்டது, முடிந்திருக்கும் என்று நினைத்து ஷட் டவுன் செய்திருக்கிறாள்.

"நீ டிக் போட்டுட்டுத்தானே போன. அதான் முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன்" என்றாள்.

அவளும் என் டிக்கைத்தான் நம்பியிருக்கிறாள்.

ரீஇன்ஸ்டால் செய்தது நான் என்று சொன்னேன். தேடி எடுக்க முடியாதா என்று கேட்டாள். முடியாது. பூட்டிய பகுதியின் சாவியே அழிந்துவிட்டது. யாராலும் தோண்டி எடுக்க முடியாது என்பதற்காகத்தான் இந்த சிஸ்டத்தையே தேர்ந்தெடுத்தோம்.

அவள் அந்தக் காலி ஃபோல்டரை மூடினாள்.

"பதினாலும் எனக்கு மனப்பாடம்க்கா. இப்பவே சொல்லவா? ஆனா நான் சொன்னா அது என் பேச்சாத்தானே இருக்கும்."

கோர்ட்டில் டைரியைத் தாக்கல் செய்தோம். டைரி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் எதிர்த் தரப்பு வக்கீல். பாதுகாப்பு உத்தரவு அன்றைக்குக் கிடைக்கவில்லை, வழக்கு தள்ளிப்போனது. அதற்குள் அவன் இரண்டு தடவை ஹோட்டல் வாசலில் வந்து நின்றான். மூன்றாவது தடவை வரும்வரை செல்வி இருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

பச்சைப் புள்ளி

ஊருக்குப் போகிற அன்று கட்டைப் பையோடு வந்து, பேக்கப்பிலிருந்து டைரியைத் திரும்ப ஏற்றியிருந்த பென்டிரைவைக் கேட்டாள். அவள் பாஸ்வேர்டு போட்டதும், அவள் எதிரிலேயே ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காட்டினேன். இரண்டாம் முறையும் தொடங்கியபோது என் கையைப் பிடித்தாள்.

"போதும்க்கா. இங்கயே கெடந்தா நீ இன்னும் நூறு தடவ பாப்ப. ஒனக்கும் நல்லதில்ல, எனக்கும் பஸ்ஸு போயிரும்."

"என்னை மன்னிச்சிரு செல்வி."

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா எவ நிப்பா? நீ ஓடுனதுல தப்பில்ல." பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள். "டிக் போட்டுட்டு ஓடுனதுதான் தப்பு."

இப்போது எங்கள் பட்டியலில் டிக் போடுவது நான் இல்லை. பேக்கப்பை வேறொரு லேப்டாப்பில் திறந்து, கடைசி ஃபைல் வரை பார்த்து, பென்டிரைவின் சொந்தக்காரியே போடுவாள். விசாரணை நெருங்கும்போது யாருடைய பென்டிரைவையும் தொடுவதில்லை. எங்களிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அந்தப் பழைய பட்டியலைத்தான் காட்டுகிறேன். ஒன்பதாவது வரியில் என் டிக் அப்படியே இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை.