கடல் எந்தப் பக்கம்?

ராயபுரம் இக்னேஷியஸுக்குக் கடல் என்றால் வலது கை. வடக்குப் பார்த்த வீட்டில் பிறந்து, நாற்பத்தொரு வயதிலும் ஒரு சின்ன விமானத்தின் துணை விமானியாக இருப்பவர். விமானியின் முன்னால் உள்ள திரையில் வரைபடத்தை இரண்டு விதமாக வைக்கலாம்: எப்போதும் வடக்கு மேலே, அல்லது விமானம் போகும் திசை மேலே. சக விமானிகள் இரண்டாவதை வைப்பார்கள். ஊர் தலைகீழாகச் சுற்றினால் இவருக்குப் பிடிக்காது. வடக்கைத்தான் மேலே வைப்பார்.

கேப்டன் பதவிக்கான சோதனையில், எண்ணூரைத் தாண்டித் தெற்கே வரும்போது, "கடல் பக்கம் திருப்புங்க" என்றார் அதிகாரி. திரையில் கடல் வலது பக்கம் இருந்தது. இக்னேஷியஸ் தயங்காமல் வலப்பக்கம் சாய்த்தார். ஜன்னலில் திருவொற்றியூர் மொட்டைமாடிகள் எழுந்து வந்தன.

"கடல் எப்போ சார் இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அதிகாரி தாளில் எழுதினார்: தேறவில்லை.

தெருவில் அதற்குள் பேனர் கட்டியாகிவிட்டது. முடிவு வரும்வரை காத்திருக்கும் கெட்ட பழக்கம் ராயபுரத்துப் பேனர்களுக்குக் கிடையாது. 'எங்கள் கேப்டன்' கூலிங்கிளாஸில் சிரித்தார். கீழே வாழ்த்துவோராகப் பதினேழு முகங்கள்.

"இன்னா கேப்டன், மூஞ்சி டல்லா கீது?" என்றான் பேனர் கட்டிய தோஸ்து சாவியோ.

"தலவலிடா."

"அவ்ளோ ஒசரம் போனா வராதா மாமு? போய்ப் படு."

பதினேழு பேரில் ஒருவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, போனில் வரைபடத்தைத் தெற்கு மேலே வரும்படி திருப்பினார். கடல் இடப்பக்கம் போயிற்று. கீழே சரவெடி வெடித்தது.