மீன்தலையிடம் தோற்றவன்

கொழும்புக்குப் போய் வரும்வரை நாயைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நாய்க்கு அவ்வளவாகப் பிடிக்காத ஆளைத்தான் இரகசியமாகத் தேடினேன். ஐம்பது வயதில் எனக்கு வாய்த்த மூளை இது. கடைசியில் மனைவி சொன்னபடி, பக்கத்து வீட்டு ராணி அக்காவிடமே நாய் மணியை விட்டேன். அவர் குசினியில் மீன்தலை அவியும் வாசம் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பத்து வயதிலும் இதே வாசத்தால்தான் எரிந்தது. கொக்கட்டிச்சோலைக் கோயில் தேர் முடியும்வரை செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. நாய் வீரனுக்கும் பருப்புச்சோறுதான். அப்பாவின் சட்டம் அப்படி. தேருக்குப் போன மூன்று நாளும் அவனை மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரரான சிசிலியா மாமியிடம் விட்டோம். மாமிக்கு அந்த விலக்கு இல்லை. திரும்பி வந்து ஆசையாகக் கூப்பிட்டேன். மாமியின் மீன்சட்டிக்குப் பக்கத்தில் படுத்தபடியே வாலை ஒருமுறை ஆட்டினான், எழும்பவில்லை.

“மீன்தலை போட்டனான் மகன், அதான்,” என்று மாமி சிரித்தார்.

அன்று நான்தான் பட்டினி கிடந்தேன்.

நேற்றுக் கொழும்பிலிருந்து ராணி அக்காவுக்குப் போன் எடுத்தேன். “அக்கா, மணி என்னைத் தேடிச் சாப்பிடாமக் கிடக்கிறானா?”

“ரெண்டு தரம் திண்டுட்டான், தம்பி.”