கஸ்தூரி வைத்த மாதுளை

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிக்காரர் ஒரு மாதுளையைப் பிளந்து, ஆள் பிடிக்க மேலே வைத்திருந்தார். ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு மரம் மாதிரி நின்றேன். "கிலோ போடட்டுமாம்மா?" என்றார். எனக்குப் பழமா தெரிந்தது? பூதான். மாதுளம்பூவின் சிவப்பு இருக்கிறதே, அது குங்குமத்தில்கூடக் கிடையாது. அம்மனுக்கு அதை வைத்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

எங்கள் வாசலில் அந்தக் கன்றை வைத்தவள் என் மகள் கஸ்தூரி. முதல் பழம் மாரியாத்தாளுக்கு, அடுத்தது தனக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். பூத்தது, காய்க்கவில்லை. அதற்குள் 2004 ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மார்கழியில் கடல் தெருவுக்குள் வந்தது. வாசல் மண்ணெல்லாம் உப்பு. மாதுளை இலை மஞ்சளடித்தது.

என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. பிள்ளை போனபோது அழாத மனுஷன், மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றி வரப்பு கட்டினார். தரையை மிதித்து இறுக்கினார். அடிபம்புத் தண்ணீரைத் தினமும் மெல்லிசாகப் பரப்பி விட்டார். கூனிமேட்டிலிருந்து கருவாடு கொண்டுவரும் பானு அக்கா, கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாண்ணே, மரத்துக்குத் தண்ணி வுடுறியா, உப்பு வெளைக்கிறியா?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். அடிமரத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. அந்தக் கைக்கு வேறு எப்படிப் பாத்தி கட்டத் தெரியும், சொல்லுங்கள்?

வரப்பை உடைத்தோம். லாரியில் வந்த நல்ல தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, உப்புக் கரித்த பம்புத் தண்ணீரை நாங்கள் குடித்தோம். பைத்தியம்தான். "ஆத்தா, புள்ளய எடுத்துக்கினே, இத்தயாவது வுடு" என்று மண்ணில் விழுந்து கும்பிட்டேன். சித்திரையில் ஒரே ஒரு காய் பிடித்தது. எலுமிச்சை அளவில் உதிர்ந்தது. அவர் பிளந்து பார்த்தார்; முத்தெல்லாம் வெள்ளை. "பழுக்கலம்மே" என்றார். அதையே கொண்டுபோய் ஆத்தா காலடியில் வைத்துவிட்டு வந்தேன். ஆனியில் மரம் பட்டுப்போனது.

அடுத்த வருஷம் ஊருக்கு உள்ளே தள்ளி சுனாமிக் காலனியில் வீடு கிடைத்தது. பழைய வாசலில் இப்போது ஏதோ ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் அவளை எடுத்த ஒரே போட்டோவும் கடல் தண்ணீரில் ஊறி வெளுத்துவிட்டது. கஸ்தூரி அந்த மரத்தில் முதல் கிளை பிரியும் இடத்தில் தலையை ஒட்டி நின்று உயரம் பார்ப்பாள். இன்றைக்கு அவள் பேச்சு வந்தால், இவ்வளவு உயரம் என்று என் கை மார்புக்கு நேரே நிற்கும். அவர் கை தோளுக்குப் போகும்.

"அவ்ளோ இல்லீங்க."

"இருந்தாம்மே."

யார் சொல்வது சரி என்று காட்ட ஒன்றுமே இல்லை.